பாமினியில் கிடந்த பாட்டுகளை மின்னூலாக்கிய அனுபவம்

பகிர்வு: ஒட்டுசுட்டானிலிருந்து

எங்கள் பகுதியில் முதியவர்கள் பாடக் கேட்டு எழுதிவைத்த அருவி வெட்டுப் பாடல்களையும் ஏர்ப்பாடல்களையும் தாலாட்டுகளையும் மின்னூலாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கையெழுத்துக் கொப்பிகள் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. எஞ்சியிருந்தது பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ஒரேயொரு கோப்புத்தான். பல ஆண்டுகள் அச்சுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துப் பழகிய நான், அந்தக் கோப்பை அப்படியே மின்னூல்களுக்கான ஈபப் வடிவுக்கு மாற்றி, எழுத்துருவையும் உள்ளே பொதிந்து, என் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்தேன். நன்றாகவே தெரிந்தது.

மாங்குளத்திலுள்ள என் பெறாமகள் தன் வாசிப்புக் கருவியில் தனக்குப் பிடித்த எழுத்துருவைத் தெரிவுசெய்ததும், நூல் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகிவிட்டது. "சித்தப்பா, இதுக்குள்ள ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லையே" என்றாள். அது முழு உண்மை. பாமினியில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளின்மேல் போர்த்திய உருவம் மட்டுமே. மெய்யெழுத்தின் புள்ளிகூட அங்கே அரைப்புள்ளியாகத்தான் சேமிக்கப்படுகிறது. அந்த உருவத்தை அச்சுத்தாள் காப்பாற்றும். வாசிப்பவர் எழுத்துருவையும் அளவையும் மாற்றக்கூடிய கருவி காப்பாற்றாது.

தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோட் முறைக்குக் கோப்பை மாற்றிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. பாமினியில் தட்டச்சிட்டவர்கள் பலர் 'ர்' என்ற எழுத்தை, பார்வைக்கு ஒத்திருப்பதால், 'கா'வில் வரும் காலுக்குமேல் புள்ளி வைத்தே எழுதியிருந்தார்கள். மாற்றிய கோப்பில் 'ஏர்', 'நீர்', 'அவர்' என எல்லாச் சொற்களும் ரகரமே இல்லாமல் வந்து சேர்ந்தன. என் கணினியில் வேறுபாடு தெரியவில்லை. வேறொரு கருவியில் அதே இடங்களில் புள்ளிகளாலான வட்டம் தோன்றியது. ஏர்ப்பாடல் தொகுப்பொன்றில் 'ஏர்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காத நிலையை எண்ணிப் பாருங்கள். நல்லவேளையாக, காலை அடுத்துப் புள்ளி வருவது தமிழில் எங்குமே இல்லாத சேர்க்கை என்பதால், அதை மொத்தமாகத் தேடி 'ர்' என மாற்ற முடிந்தது. ஔகாரத்தை அவ்வாறு செய்ய இயலவில்லை. 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிட்டிருந்தாலும், 'ஒளி'யில் அதே இரண்டும் முறையாகவே வருவதால், ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்த்தே திருத்தினேன்.

அடுத்த சிக்கல் பாட்டின் அடிகள். அச்சுக்கு இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டி உள்ளே தள்ளியிருந்த அடிகள், சிறு திரையில் நடுவில் முறிந்து, முறிந்த துண்டு புதிய அடிபோலத் தோன்றின, சந்தம் போய்விட்டது. ஈபப் என்பது இணையப் பக்கங்களைப் போன்ற கோப்புகளின் ஒரு பொதி என்பதையும், தோற்றத்தைத் தனி நடைத்தாளில் எழுதவேண்டும் என்பதையும் மின்னூல்களைத் திருத்த உதவும் சிஜில் மென்பொருளில் அதைப் பிரித்துப் பார்த்தபோதே விளங்கிக்கொண்டேன். ஒவ்வோர் அடியையும் தனிப் பத்தியாக்கி, இடது ஓரத்தை 2 எம் உள்ளே தள்ளி, முதல் வரியை மட்டும் அதே 2 எம் வெளியே இழுத்தேன். எம் என்பது வாசிப்பவர் வைத்திருக்கும் எழுத்தளவைப் பின்பற்றும் அலகு ஆதலால், எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் முறிந்த துண்டு தன் அடிக்குக் கீழேயே உள்தள்ளி நிற்கிறது.

மறுமொழி: கிளிநொச்சியிலிருந்து

ஐயா, எனக்கு இதே பாடம் படங்களில் கிடைத்தது. கலப்பை, பட்டறை, சூடடிக்கும் களம் ஆகியவற்றின் கோட்டோவியங்களைப் பின்னணியற்ற படங்களாகச் சேர்த்திருந்தேன். இரவு வாசிப்புக்காகத் திரையைக் கறுப்பாக்கிய மாணவி ஒருவர், படமே இல்லை என்றார். கறுப்புக் கோடு கறுப்பில் மறைந்திருந்தது. வெள்ளைப் பின்னணி கொடுத்ததும் சரியாயிற்று. எழுத்துக்கும் நான் கறுப்பு நிறத்தைக் கட்டாயமாக்கியிருந்தேன். அந்தக் கட்டளையை நீக்கிவிட்டேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், இருபுற ஓரத்தையும் சமப்படுத்துவதையும் கைவிட்டேன். சிறிய திரையில் சொற்களுக்கிடையே வாய்க்கால்போல வெளி விழுகிறது. தாங்கள் அருஞ்சொல் விளக்கங்களை எங்கே வைத்தீர்கள்?

பதில்: ஒட்டுசுட்டானிலிருந்து

முதலில் "47 ஆம் பக்கம் பார்க்க" என்றே விட்டிருந்தேன், தம்பி. எழுத்தளவு மாறினால் பக்கமும் மாறும் என்பதால் அந்தக் குறிப்புகள் பொருளற்றுப்போயின. இப்போது ஒவ்வோர் அருஞ்சொல்லிலும் விளக்கத்துக்கு ஓர் இணைப்பும், விளக்கத்திலிருந்து அதே அடிக்குத் திரும்ப மற்றோர் இணைப்பும் வைத்திருக்கிறேன். ஈபப்செக் என்ற சோதனை மென்பொருள் கொண்டு பிழை பார்ப்பதும் வழக்கம். ஆனால் கோப்பின் அமைப்பைச் சோதிக்கும் அதற்குச் சந்தம் முறிந்தது தெரியாது. ஆகவே, தாலாட்டுகளைப் பாடித் தந்த பெரியம்மா ஒருவர் எழுத்தை ஆகப் பெரிதாக்கி வைத்திருக்கும் கைத்தொலைபேசியிலேயே ஒவ்வொரு திருத்தத்தையும் முதலில் திறந்து, அவரைப் பாடச் சொல்லிக் கேட்கிறேன்.