சாலைப் பணியில் உடைந்த கழிவுநீர்க் குழாய்: செலவை ஏற்க வேண்டியவர் யார்?

கேள்வி:
எங்கள் வீட்டு வாசலில் மழைநீர் வடிகால் அமைப்பதற்காக நகராட்சியின் ஒப்பந்ததாரர் பொக்லைன் கொண்டு பள்ளம் தோண்டினார். பள்ளத்தை மூடிய சில நாட்களிலேயே கழிப்பறை நீர் இறங்காமல் தேங்கத் தொடங்கியது. வாசலில் உள்ள சேம்பர் (கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்ப்பதற்கான மூடியிட்ட தொட்டி) விளிம்புவரை நிரம்பி நிற்கிறது. வீட்டு இணைப்புக் குழாயைப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை என்கிறது நகராட்சி; குழாய் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தது என்கிறார் ஒப்பந்ததாரர். நான் யாரிடம் இழப்பீடு கேட்பது? இப்போதே பழுது பார்த்துவிட்டால் கேட்கும் உரிமை போய்விடுமா?

பதில் 1:
பராமரிப்புக் கடமை வேறு, சேதத்துக்கான பொறுப்பு வேறு. குழாய் உங்களுடையது என்பதற்காக அதை உடைத்தவர் விலகிக்கொள்ள முடியாது. ஆனால் உடைப்பு அந்தத் தோண்டலால்தான் நேர்ந்தது என்று காட்ட வேண்டியவர் பெரும்பாலும் நீங்கள்தான். ஆகவே முதலில் குழாய்க்குள் கேமரா செலுத்திப் பதிவு செய்யுங்கள். சேம்பரிலிருந்து எத்தனை மீட்டரில் உடைப்பு இருக்கிறது என்பதைத் திரை காட்டும். அதே தூரத்தைத் தரையில் அளக்கும்போது அது மூடிய பள்ளத்தின் மேல் வந்து நின்றால் உங்கள் வாதம் பெருமளவு வலுப்பெறும். பழைய விரிசலின் விளிம்பில் கறை படிந்திருக்கும், பல சமயம் வேரும் நுழைந்திருக்கும். புதிய உடைப்பு கூர்மையாகவும் கறையின்றியும் தெரியும். குழாய் உடையாமலே கெடுவதும் உண்டு: நிரப்பிய மண்ணைச் சரியாக இறுக்காவிட்டால் அது அமிழும்போது குழாயும் நடுவில் தொய்ந்து, சாய்வு கெட்டு, கழிவு அங்கேயே தங்கிவிடும்.

பதில் 2:
நகராட்சி, ஒப்பந்ததாரர் இருவருக்கும் தனித்தனியே எழுத்துப்பூர்வமாக அறிவிப்புக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கி வையுங்கள். இத்தகைய ஒப்பந்தங்களில், பணியால் பிறர் உடைமைக்கு நேரும் சேதத்தை ஒப்பந்ததாரரே ஏற்க வேண்டும் என்ற விதியும் காப்பீட்டு நிபந்தனையும் பொதுவாக இருக்கும். அந்தப் பக்கங்களின் நகலைக் கேளுங்கள். அரசு அமைப்புகளுக்கு எதிரான கோரிக்கைக்குப் பல இடங்களில் காலக்கெடு மிகக் குறுகியது என்பதால், வாய்மொழி உறுதியை நம்பி நாளைக் கடத்துவதுதான் இதில் பெரிய ஆபத்து.

பழுது பார்ப்பதால் உரிமை போகாது. சேதம் பெருகாமல் தடுப்பது உங்களிடம் எதிர்பார்க்கப்படுவதே. பழுது பார்க்கத் தோண்டும் நாளை இருவருக்கும் முன்கூட்டியே தெரிவித்து, நேரில் வந்து பார்க்க அழையுங்கள். அளவுநாடாவை அருகில் வைத்துப் படமெடுத்து, உடைந்த துண்டுகளைத் தூக்கி எறியாமல் பாதுகாத்து வையுங்கள். குழாய் முழுவதையும் புதிதாக மாற்றினால் அந்தக் கூடுதல் செலவை எதிர்த்தரப்பு ஏற்க மறுக்கலாம்.

பதில் 3:
ஓர் எச்சரிக்கை. அதே தெருவில் மண்ணைத் திறக்காமல் துளையிட்டு எரிவாயுக் குழாய் பதித்திருந்தால், அது உங்கள் கழிவுநீர்க் குழாயை ஊடுருவிச் சென்றிருக்கவும் கூடும். கேமராவில் பார்க்காமல், அடைப்பை நீக்கச் சுழலும் வெட்டுக் கருவியை உள்ளே விட வேண்டாம். எரிவாயுக் குழாய் அறுபட்டால் வீட்டுக்குள்ளேயே வாயு ஏறி வெடிக்க வாய்ப்புண்டு.

கேள்வி கேட்டவர்:
ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் ஒரு தொகையைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார். வாங்கலாமா?

பதில் 2:
‘முழுமையான இறுதித் தீர்வு’ என்ற சொற்கள் அதில் இருந்தால், பிறகு மேற்கொண்டு எதுவும் கேட்க முடியாமல் போகலாம்; ஆகவே பழுது முடிந்து, மண் அமிழவில்லை என்று மறு கேமரா ஆய்வில் உறுதியாகும்வரை கையெழுத்திட வேண்டாம்.