அம்மம்மா வளவு குழு: படகு காயவேண்டும்

அண்ணா: மாமா, படகின் பின்பக்கம் எஞ்சின் பூட்டும் பலகை ஆடுகிறது. போல்ட்டை முறுக்கினால் உள்ளே புதைந்துகொண்டே போகிறது, இறுகவில்லை. கரை வரும்வரை ஒரு கையால் எஞ்சினைப் பிடித்தபடிதான் வந்தேன்.

சின்ன மாமா: சுத்தியல் பிடியால் தட்டிப் பார்.

அண்ணா: மேலே டக்கென்று கேட்கிறது. கீழே பொத் பொத்.

பெரிய மாமா: கொக்கிளாயில் அந்தப் படகை வாங்காதே என்று சொன்னேன்.

அம்மா: அண்ணா, இப்போது அந்தக் கதை வேண்டாம்.

பெரிய மாமா: நான் ஒன்றும் சொல்லவில்லை.

சின்ன மாமா: எல்லோரும் பொறுங்கள், விளக்கமாக எழுதுகிறேன். பொத் பொத் என்றால் அங்கே பலகை ஊறிவிட்டது. அதற்கு வெளியே ஃபைபர், உள்ளே ஃபைபர், நடுவில் பிளைவூட். போல்ட் துளையாலும் அடியில் தண்ணீர் வடியவிடும் துளையாலும் கடல் உள்ளே போய்விடும், திரும்பி வர வழி இல்லை. வெயிலில் போட்டால் காயும் என்று நினைக்காதே. தொட்டால் சுடும், உள்ளே பலகை ஊறியபடியே கிடக்கும். எஞ்சினைக் கழற்று. உள்பக்கமாக மட்டும் டிரில்லால் சிறு துளைகள் போடு, அடியிலிருந்து தொடங்கு, தேங்கியது முதலில் வடியட்டும். வெளித்தோலைத் தொடாதே. வரும் தூளைப் பார். வெளிறி இருந்தால் நல்ல பலகை. கறுத்து, தேயிலைச் சக்கை மாதிரி வந்தால் உக்கிவிட்டது. அதைக் காயவைத்துப் பயனில்லை, வெட்டி எடுத்துப் புதுப் பலகைதான்.

அக்கா: மாமா, பந்தி பிரித்து எழுதக் கூடாதா?

அண்ணா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கனடாச் சித்தி: நான் பார்த்துவிட்டேன். எவ்வளவு வேண்டும், மகன்?

அம்மா: ஒன்றும் வேண்டாம். போன முறை அனுப்பியதே இன்னும்

கனடாச் சித்தி: அக்கா, அதைக் குழுவில் கதைக்க வேண்டாம்.

அத்தான்: துளைக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டினால் கெதியாகக் காயுமே?

சின்ன மாமா: ஃபைபர் கொப்பளிக்கும். அசிற்றோனால் துடைத்த இடம் என்றால் படகே எரியும். மின்விசிறி போதும். அதற்கு முன் துளைகளுக்குள் கிணற்றுத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும்.

அம்மா: ஊறிய பலகைக்கு இன்னும் தண்ணீரா?

சின்ன மாமா: ஓம் அக்கா. உப்பு உள்ளே நின்றால் காய்ந்த பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்.

அக்கா: அம்மப்பா திவசம் எந்த நாள்?

அம்மா: தேய்பிறைப் பஞ்சமி. வியாழன்.

கனடாச் சித்தி: இங்கே நாட்காட்டியில் புதன் என்று இருக்கிறது.

பெரிய மாமா: கனடாப் பஞ்சமிக்கு இங்கே யார் சமைப்பது?

அண்ணா: மாமா, காய்ந்துவிட்டது என்று எப்படி அறிவது?

சின்ன மாமா: பலகையில் ஒரு துண்டு வெட்டி நகைத் தராசில் தினமும் நிறு. எடை இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. துளைகளின் மேல் பொலித்தீன் ஒட்டி ஓர் இரவு விட்டும் பார்க்கலாம். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் பொறுக்கவேண்டும். ஈரப் பலகையில் ஃபைபரை ஒட்டும் ரெசின் பிடிக்காது, அடுத்த வருடமே உரிந்து வரும்.

அக்கா: நகைதான் எஞ்சினாகிவிட்டதே, தராசு எதற்கு?

அத்தான்: ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணா: அக்கா, தை பிறக்கட்டும், திருப்பித் தருகிறேன்.

அக்கா: எந்தத் தை?

சின்ன மாமா: சோளகக் காற்று வீசும்போதே காயவேண்டும். வாடை திரும்பி மழை பிடித்தால் மார்கழி முடியும்வரை ஒன்றும் செய்ய முடியாது. பெரியண்ணாவின் கொட்டில்தான் நல்ல இடம்.

பெரிய மாமா: விதைநெல் அடுக்கியிருக்கிறேன். காலபோக விதைப்புக்கு.

அம்மா: பாதிக் கொட்டில் காலியாகத்தானே இருக்கிறது அண்ணா?

பெரிய மாமா: ஃபைபர் தூள் நெல்லில் விழுந்தால்?

சின்ன மாமா: தறப்பாள் கட்டலாம். தேய்ப்பதை முற்றத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய மாமா: பார்ப்போம்.

அண்ணா: படகை இழுக்க உழவு இயந்திரம்?

பெரிய மாமா: உழவு இருக்கிறது. ஞாயிறு கேள்.

சின்ன மாமா: போல்ட் துளைகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. [குரல் செய்தி 6:12]

அக்கா: ஆறு நிமிடமா!

அம்மா: வியாழனுக்கு வாழையிலை யார் கொண்டுவருவது?