பைனரி உங்களுக்கு எப்போது பிடிபட்டது?

பிரெட்போர்டு:
பாலிடெக்னிக் லேப். எண்ணுவதற்கு ஒரு கவுண்டர் சிப், அதன் நாலு பிட்டை எண் வடிவமாக மாற்றும் 7447 சிப், எண்ணைக் காட்டும் காமன் ஆனோட் டிஸ்பிளே எல்லாம் மாட்டியாகிவிட்டது. 0 முதல் 9 வரை ஒழுங்காக ஓடியது. அப்புறம் கீழ்ப்பாதியில் மட்டும் வலப்பக்கம் திறந்த ஒரு உருவம். அடுத்து அதுவே இடப்பக்கம் திறந்து. இன்னும் சில கிறுக்கல்கள், ஒரு இருட்டு, மறுபடி 0. டிஸ்பிளே போச்சு என்று பக்கத்தில் இருந்தவன் கழற்றப் போனான். சார் தடுத்தார். கவுண்டர் டப்பாவில் 7490 (0 முதல் 9 வரை எண்ணுவது) என்று எழுதியிருந்தது, உள்ளே இருந்தது 7493 (0 முதல் 15 வரை எண்ணுவது)! சப்ளை, கிரவுண்டு, அவுட்புட் கால்கள் இரண்டுக்கும் ஒரே இடம், அதனால் சர்க்யூட் ஓடிவிட்டது. சார் அவுட்புட்டில் நாலு எல்இடி வைத்தார். 9க்கு 1001. அடுத்த கிளாக் துடிப்பில் 1010. "எண்ணிக்கை சரியாத்தான் போகுது. 7447கிட்ட 10க்குப் படம் இல்லை, அவ்வளவுதான்." 7490 என்றால் அங்கே 0க்குத் திரும்பியிருக்கும். அதுவரை பைனரி என்றால் இரண்டால் வகுத்து மீதியைக் கீழிருந்து மேலாக எழுதும் கணக்குதான் எனக்கு. அந்த 1010 இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மேடைவிளக்கு:
எனக்கு லேப் இல்லை, திருவிழா மேடை. லைட்டுக்குப் பின்னால் டிஎம்எக்ஸ் (கன்சோலிலிருந்து லைட்டுகளை இயக்கும் முறை) முகவரிக்கு டிப் சுவிட்ச் என்று குட்டி சுவிட்ச் வரிசை இருக்குமே, அது. கன்சோலில் இருந்தவர் "37" என்று கத்தினார். ஏணியில் நின்ற லைட்மேன் அண்ணன் டார்ச்கூட அடிக்காமல் 1, 3, 6 மூன்றையும் விரல் நுனியால் தள்ளிவிட்டார். எப்படிண்ணே என்றேன். "முதல் சுவிட்ச் 1, மூணாவது 4, ஆறாவது 32. கூட்டிப் பாரு தம்பி." எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஒன்பது சுவிட்சும் ஆன் என்றால் 511 என்பதையும் அவர்தான் சொன்னார். இவ்வளவு நேராக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

நானோசெகண்ட்:
பிரெட்போர்டு, ஒரு திருத்தம். 1001க்கு அடுத்து நேராக 1010 வராது. 7493 ரிப்பிள் கவுண்டர். கடைசி பிட் முதலில் விழும், அதன் பிறகே அடுத்தது எழும், இடையில் 1000 வந்து போகும். 7லிருந்து 8க்குப் போகும்போது இன்னும் மோசம்: 0111, 0110, 0100, 0000, 1000. பழைய மெஷின் ஒன்றில் 0 வந்தால் மட்டும் பல்ஸ் தர வேண்டிய லாஜிக் கேட், இந்த இடத்திலும் தந்துகொண்டிருந்தது. ஆசிலோஸ்கோப்பில் அந்த மெல்லிய கோட்டைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க: இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் 74163 மாதிரி, எல்லா பிட்டும் ஒரே கிளாக்கில் சேர்ந்து மாறும் சிங்க்ரனஸ் கவுண்டர் வாங்குங்கள். 0 என்றால் 0 வோல்ட், 1 என்றால் 5 வோல்ட் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். டிடிஎல் (இந்த 74 வரிசை சிப்களின் வகை) இன்புட்டில் 0.8 வோல்ட் வரை 0, 2 வோல்ட்டுக்கு மேல் 1, நடுவில் இருப்பதை நம்பக் கூடாது. 7493இல் ரீசெட் கால்கள் 2, 3 இரண்டையும் சும்மா விட்டால் 1 என்றே எடுத்துக்கொள்ளும், கவுண்டர் 0ஐ விட்டு நகராது. புஷ் பட்டனை நேராகக் கிளாக்கில் கொடுக்காதீர்கள், ஒரு அழுத்துக்குப் பல எண்ணும். ஐசிக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். இதையெல்லாம் கையால் செய்து பாருங்கள், சிமுலேட்டரோடு நின்றுவிடாதீர்கள்.

பிரெட்போர்டு:
இடையில் 1000 வரும், சரி. அதைக் கண்ணால் பிடிக்க முடியாதே. நான் எழுதியது எல்இடியில் பார்த்ததை.

மேடைவிளக்கு, ஒன்பதும் ஆன் என்றால் 511 என்கிறீர்கள். டிஎம்எக்ஸில் 512 சேனல் உண்டே, அந்தக் கடைசி ஒன்றுக்கு அண்ணன் என்ன செய்வார்?