ஓபன்-பேக் ஹெட்போன்: திறந்தவெளி வேண்டாம், திறந்தகூடு போதும்

வணக்கம்.

ஓபன்-பேக் ஹெட்போனுக்கு, அதாவது காதின் மேல் வரும் கூட்டின் பின்பக்கம் மூடாமல் இருக்கும் ஹெட்போனுக்கு, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை "திறந்தவெளித் தலையணி" என்ற பரிந்துரையில் வந்து நிற்கிறது, இரண்டு மூன்று பேர் ஆமோதித்தும் விட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திறந்தவெளி என்றால் நமக்கு மைதானம், மொட்டைமாடி, திறந்தவெளி அரங்கு. எந்த இடத்தில் இந்த வகை ஹெட்போன் கொஞ்சமும் உதவாதோ அந்த இடத்தின் பெயரையே எடுத்து அதற்குச் சூட்டுகிறோம். பேருந்திலோ பூங்காவிலோ இதை மாட்டிக்கொண்டால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், நாம் கேட்பது பக்கத்து இருக்கைக்காரருக்கும் கேட்கும். அமைதியான அறைக்கென்று செய்த பொருள். பெயரை நம்பி ஒருவர் நடைப்பயிற்சிக்கு வாங்கிவிட்டுத் திட்டினால் அந்தத் திட்டு நமக்கு வரவேண்டியதுதான்.

ஜெர்மன் நிறுவனமான சென்ஹைசர் 1968இல் எச்டி 414ஐ "ஓபன் ஏர்" என்ற பெயரில்தானே விற்றது என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான். மஞ்சள் பஞ்சு வைத்த அந்த ஹெட்போனிலிருந்துதான் இந்த வகையே பரவியது. ஆனால் அது விற்பவர் வைத்த பெயர், விற்பவருக்குக் காற்றோட்டமாக ஒரு சொல் வேண்டும். அதே ஜெர்மானியர்கள் விவரப் பட்டியலில் எழுதும்போது திறந்தது, மூடியது, பாதி திறந்தது என்று வெறுமனே எழுதிவிட்டுப் போகிறார்கள்.

எது திறந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் சொல் தானாக வந்துவிடும். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்பக்க அலை காதுக்குப் போகிறது. பின்பக்கத்திலும் அதே அளவுக்கு அலை கிளம்புகிறது. பின்னால் கெட்டியான மூடி இருந்தால் அந்த அலை மூடியில் மோதித் திரும்பி வந்து முன்பக்க ஒலியோடு கலக்கும், சில சுருதிகள் தடித்தும் சில சுருதிகள் அமுங்கியும் கேட்கும். அதை அடக்க உள்ளே பஞ்சும் கம்பளியும் திணிப்பார்கள். மூடிக்குப் பதிலாக வலைத்தகடு இருந்தால் அலை வெளியேறிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகத் திறந்திருப்பது வெளியல்ல, கூடு. என் பரிந்துரை: திறந்தகூடு, மூடுகூடு. ஒன்று பெயரெச்சம், ஒன்று வினைத்தொகை, சோடி சரியாக இல்லையே என்று இலக்கணம் பார்ப்பவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். திறந்தவெளியும் மூடுபனியும் ஏற்கெனவே வாயில் புழங்குகின்றன, அதே அச்சில்தான் இவையும். "மூடுக்கூடு" என்று மட்டும் ஒற்றுப் போட்டு எழுதிவிடாதீர்கள்.

"திறந்த முதுகு" என்று ஒரு பரிந்துரை வந்ததே, அது ரவிக்கைக் கடைக்குப் போகட்டும்.

ஏகேஜி கே 240, பேயர்டைனமிக் டிடி 880 போன்ற பாதி திறந்தவற்றுக்கு "ஒருக்களித்த கூடு" என்று வைக்க எனக்கு ஆசை, கதவை ஒருக்களித்து வைப்பது போலத்தான் அதன் வேலையும். நீளம் என்றால் அரைத்திறப்பு போதும்.

அப்புறம், ஹெட்போன் என்ற தலைச்சொல்லை வைத்துச் சண்டை வேண்டாம் என்பது என் கட்சி. தலையணி என்றால் தட்டச்சு செய்யும்போது ஒரு எழுத்தில் தலையணை ஆகிவிடுகிறது, தலைக்கவசத்துக்கும் அது பொருந்தும். காதொலிப்பான் என்றால் பேருந்துகளில் பிடுங்குகிறார்களே, அந்தக் காற்றொலிப்பானின் தம்பி போல இருக்கிறது. செவிபேசியில் யாரும் பேசுவதில்லை. ஒலிபெருக்கி நிலைத்தது கோயில் திருவிழாவும் கட்சிக் கூட்டமும் அதை அன்றாடம் சொன்னதால். ஹெட்போன் கடைக்காரருக்கும் புரிகிறது, பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிறது. வாங்குபவர் குழம்புவது அந்தச் சொல்லில் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் உறுப்புகளில். நாம் உழைக்க வேண்டிய இடம் அதுதான். சரி, ஒவ்வொன்றாக, புழக்கத்தில் இருக்கும் ஹெட்போன்களை வைத்தே பார்க்கிறேன். ஒரு பத்தி எழுதிப் பார்த்தால்தான் சொல் நிற்குமா விழுமா என்று தெரியும்.

ஒலியில் தொடங்கினால் முதல் வம்பே மேல்-நடு-கீழ் (ட்ரெபிள், மிட், பாஸ்) மூன்றுக்கும் பெயர் வைப்பதில் வருகிறது. தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று தானம் (ஸ்தாயி) தயாராக இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். கேட்க அழகு. ஆனால் "இந்த ஹெட்போனில் மெலிவு அதிகம்" என்று எழுதினால் படிப்பவர் ஒலி நோஞ்சானாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார், நாம் சொல்ல வந்தது நேர் எதிர். கீழ்ச்சுருதி, நடுச்சுருதி, மேல்சுருதி என்று சாதாரணமாக வைப்போம்.

சென்ஹைசர் எச்டி 600, 1997இல் வந்தது, இன்றும் விற்கிறது. நடுச்சுருதிதான் அதன் பலம், பாட்டுக்குரலும் வயலினும் கூட்டல் குறைத்தல் இல்லாமல் வரும். கீழ்ச்சுருதி 100 ஹெர்ட்சுக்குக் கீழே மெல்ல இறங்கிவிடும், மிருதங்கத்தில் வலந்தலைச் சாப்பு (வலக்கைப் பக்கத்து அடி) துல்லியமாகவும் தொப்பிப் பக்கத்துக் கும்கி (இடக்கைப் பக்கத்துக் கனத்த நாதம்) கொஞ்சம் தள்ளி நிற்பதாகவும் கேட்கும். திறந்தகூட்டின் பொதுக் குணமும் இதில் சேர்ந்திருக்கிறது, பின்பக்க அலை வெளியேறும்போது அடியின் அழுத்தமும் கொஞ்சம் போய்விடுகிறது. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ வேறு மாதிரி. கீழும் மேலும் தூக்கல், நடு ஒதுங்கல். 8,000 ஹெர்ட்சை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது, அதனால் பாட்டில் ஸ, ஷ வருகிற இடமெல்லாம் ஊசி குத்தும். சிலருக்கு அதுதான் "தெளிவு". எனக்கு அரைமணி நேரத்துக்கு மேல் தாங்காது.

இதில் சவ்வு என்று எழுதினேனே, அதிர்சவ்வு என்று முழுதாக வைக்கலாம். ஹைஃபைமேன் சுந்தரா போன்றவற்றில் சவ்வின் மேலேயே மின்சாரம் ஓடும் கடத்தித் தடம் பரவிக் கிடக்கிறது, அதற்கு எதிரே காந்தப் பட்டைகள். சவ்வு முழுவதும் ஒரே சீராகத் தள்ளப்படுவதால் கீழ்ச்சுருதி இன்னும் ஆழம் வரை நிமிர்ந்து போகும், கும்கி பக்கத்தில் வந்துவிடும். இவற்றுக்கு (ஆங்கிலத்தில் பிளேனர் மேக்னடிக்) தட்டைக்காந்த வகை என்று சொன்னார்கள். காந்தம் தட்டையாக இருப்பதா விஷயம்? சாதாரண ஹெட்போனில் சவ்வை அசைக்கும் கம்பிச் சுருளுக்குப் பதிலாகச் சவ்வே தட்டைக் கடத்தியாக இருப்பது அல்லவா? தட்டைச்சவ்வு வகை, சுருள் வகை என்று பிரித்தால் பார்த்தவுடன் விளங்கும்.

அடுத்தது சவுண்ட்ஸ்டேஜ், அதாவது ஒலிகள் நம்மைச் சுற்றி எவ்வளவு அகலமாகப் பரவிக் கேட்கின்றன என்பது. அதற்கு ஒலிமேடை வேண்டாம், அது மேடைக்கச்சேரியின் மேடையோடு குழம்பும். ஒலியரங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. எச்டி 600இன் ஒலியரங்கு குறுகலானது, முதல் வரிசையில் உட்கார்ந்ததுபோல எல்லாரும் முகத்துக்கு நேரே. ஏகேஜி கே 702 அகலம். 2009இல் வந்த எச்டி 800 இதில் தனி உச்சம், அதில் ஒலியெழுப்பியை (சவ்வும் காந்தமும் சேர்ந்த பாகம்) காதிலிருந்து தள்ளி, சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

கம்ஃபர்ட் என்பதற்குச் சொகுசு என்று எழுத வேண்டாம், இதம் போதும். இதத்தை முடிவு செய்வது எடையும் பிடியும் மெத்தையும். எச்டி 600 சுமார் 260 கிராம்தான், ஆனால் புதிதில் பிடி நெருக்கும், கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் கால் பொட்டில் அழுந்தும். தலைவளையத்தின் இரு பக்கமும் நீண்டு வரும் உலோகத் தகட்டை மட்டும் மெதுவாக வளைத்து நிமிர்த்தலாம். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கைத் திருகினால் முறிந்துவிடும், எச்சரிக்கை. டிடி 990 இந்த விஷயத்தில் எல்லாரையும் தோற்கடிக்கும், வட்டமான வெல்வெட் மெத்தை, லேசான பிடி. கே 702இல் தலைப்பட்டையின் அடியில் சிறு சிறு மேடுகள், முடி குறைந்தவர்களுக்கு உச்சந்தலையில் தடம் பதியும். சுந்தரா 372 கிராம். ஆடீஸ் எல்சிடி-எக்ஸ் 600 கிராமைத் தாண்டும், கழுத்து வலியோடுதான் கச்சேரி.

இதத்தில் நம் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. மூடுகூட்டில் வேர்த்து ஊற்றும் மே மாதத்தில் திறந்தகூடு காதுக்குக் காற்று விடும். ஆனால் வேர்வைக்காக மின்விசிறியை ஐந்தில் வைத்தால் அதன் இரைச்சல் முழுவதும் வலைத்தகடு வழியே உள்ளே வந்து தம்பூராவோடு போட்டிபோடும். மூன்றில் வைத்துக் கேட்பது என் வழக்கம். வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் அறையைக் கேட்டுப் பார்க்கட்டும், பிறகு ஹெட்போனைக் கேட்கட்டும். குக்கர் விசிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

காதைச் சுற்றி அமர்வதற்குச் செவிசூழ், காதின் மேல் அமர்வதற்குச் செவிமேல். இரண்டும் ஏற்கத்தக்கவை, மேலே போகலாம். செவிமேலுக்குக் கிராடோ எஸ்ஆர் 80 நல்ல எடுத்துக்காட்டு.

வடத்துக்கு வருகிறேன், உண்மையில் கலைச்சொல் அதிகம் தேவைப்படுவது இங்கேதான், ஏனென்றால் தப்பான வடம் வாங்கிப் பணம் போவது இங்கேதான். ஒயர் என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை, பட்டியலில் வடம் என்று இருக்கட்டும். ஹெட்போனோடு ஒட்டியே வருவது நிலைவடம், கழற்ற முடிவது கழல்வடம். டிடி 990 ப்ரோவில் நிலைவடம், அதுவும் பழைய தொலைபேசி ஒயர் மாதிரி சுருண்டது, அறுந்தால் பற்றவைப்புக் கோலோடு உட்கார வேண்டும். அதே நிறுவனம் 2021இல் விட்ட டிடி 900 ப்ரோ எக்ஸில் கழல்வடம்.

கழல்வடத்தில்தான் செருகி எத்தனை வகை! எச்டி 600இல் இரண்டு கூட்டுக்கும் தனித்தனியே இருமுள் செருகி. ஒரு முள் தடி, ஒரு முள் மெலிசு, அதனால் திருப்பிச் செருக முடியாது. எச்டி 580, 650, 660எஸ் எல்லாவற்றுக்கும் இதே வடம் பொருந்தும், எச்டி 800க்குப் பொருந்தாது. ஒரே நிறுவனத்தின் எச்டி 560எஸ்இல் ஒரே பக்கம், 2.5 மி.மீ. செருகி, செருகித் திருகிப் பூட்ட வேண்டும். ஏகேஜி கே 702இல் ஒரே பக்கம் மும்முள் செருகி, கே 240இன் வடம் அதற்கு அப்படியே போகும். ஆடீஸ் எல்சிடி வரிசையில் இரண்டு பக்கமும் நான்முள் செருகி. மும்முள்ளும் நான்முள்ளும் வெளியில் பார்க்க ஒரே உருளை, படத்தைப் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வோம். அதனால்தான் "சிறு எக்ஸ்எல்ஆர்" என்று இரண்டையும் பொதுவாக எழுதாமல் முள் எண்ணிக்கையையே பெயரில் வைக்கச் சொல்கிறேன்.

ஹைஃபைமேன் இதில் பெரிய குறும்பு. முதலில் திருகாணி வைத்த செருகி, அப்புறம் 2.5, இப்போது சுந்தராவில் இரண்டு பக்கமும் 3.5 மி.மீ. இதில் அளவு சரியாக இருந்தாலும் செருகியின் பிடி தடித்திருந்தால் கூட்டின் குழிக்குள் முழுதாக இறங்காது, பாதியில் நின்று ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கும். வெளியே தெரியும் பிடிக்குச் செருகியுறை என்று ஒரு சொல் வைத்தால் "செருகியுறையின் விட்டம்" என்று விவரப் பட்டியலில் கேட்க முடியும்.

அடுத்தது பேலன்ஸ்டு வடம். சமநிலை வடம் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், படிப்பவர் மேல்சுருதியும் கீழ்ச்சுருதியும் சமமாக வரும் போலிருக்கிறது என்று நினைக்கிறார். நடப்பது அதுவல்ல. சாதாரண வடத்தில் செருகியை எட்டும்போது இடம், வலம் இரண்டும் ஒரே திரும்புதடத்தை (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியை) பகிர்ந்துகொள்கின்றன. பேலன்ஸ்டில் ஒவ்வொன்றுக்கும் தனித் திரும்புதடம். ஆகவே பொதுத்தட வடம், தனித்தட வடம். இப்படி வைத்தால் கே 702இன் மும்முள்ளில் ஏன் தனித்தடம் முடியாது என்பது சொல்லிலேயே விளங்கும், நான்கு தடத்துக்கு மூன்று முள் எப்படிப் போதும்? தனித்தடத்தால் ஒலி மாயமாக மாறிவிடாது, பெருக்கியிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) கூடுதல் மின்னழுத்தம் கிடைக்கும், அதுதான் பலன். இன்னொன்று, பெருக்கியின் தனித்தட வாயில் மாற்றுச் செருகி போட்டுப் பொதுத்தட வடத்தை மாட்டாதீர்கள். இரண்டு திரும்புதடமும் ஒட்டிக்கொண்டு பெருக்கி கெடும்.

மின்மறுப்பு (இம்பீடன்ஸ், ஓம் கணக்கு), உணர்திறன் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்பது) இரண்டும் ஏற்கெனவே புழங்குகின்றன, தொட வேண்டாம். ஆனால் விளக்கக் குறிப்பில் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். எச்டி 600இன் 300 ஓமைப் பார்த்துப் பயந்து, சுந்தரா 37 ஓம்தானே, கைப்பேசியே போதும் என்று முடிவுகட்டுகிறார்கள். சுந்தராவின் உணர்திறன் 94 டெசிபல்தான், அதற்கும் நல்ல பெருக்கி வேண்டும்.

விக்சனரியில் ஏற்றுபவர் திறந்தகூடு, மூடுகூடு, அரைத்திறப்பு, நிலைவடம், கழல்வடம், தட்டைச்சவ்வு ஆகியவற்றை இந்த வாரமே ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். தனித்தடத்துக்கு மட்டும் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் நண்பர்கள் யாராவது பதில் சொன்ன பிறகு முடிவு செய்வோம். அங்கே மைக் வடத்துக்கும் பேலன்ஸ்டு என்றுதான் சொல்கிறார்கள், அதன் வேலை வேறு, இரைச்சலை நீக்குவது. இரண்டுக்கும் ஒரே சொல்லா, இரு சொல்லா என்று தெரிய வேண்டும். எனக்கு இரு சொல்தான் சரி என்று படுகிறது.