டயர் மாத்தினதும் மைலேஜ் குறைஞ்சது, ஜி.பி.எஸ். வித்தியாசமும் குறைஞ்சது. ஏன்?

வழிப்போக்கன்:

வணக்கம். ஆறு வருஷமா ஒரே பெட்ரோல் கார். டேங்க் நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. ரெண்டு மாசம் முன்னாடி நாலு டயரையும் மாத்தினேன். பழசு 185/65 ஆர்15 (அகலம் 185 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதுல 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்), பட்டன், அதாவது ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டைகள், எல்லாம் தேஞ்சு எல்லைக்கோடு வரைக்கும் வந்திருந்தது. புதுசு 195/65 ஆர்15, அதே ரிம்தான்.

அதிலிருந்து ரெண்டு விஷயம் புரியல. லிட்டருக்கு 17 வந்த வண்டி இப்போ 16.3தான் வருது. நாலு தடவை நிரப்பிப் பார்த்துட்டேன், அதே கணக்குதான். இன்னொண்ணு, முன்னாடி முள் 100ல நின்னா ஃபோன் ஜி.பி.எஸ். 94 காட்டும். இப்போ 98 காட்டுது. இன்ஜின்ல கோளாறா, மீட்டர்ல கோளாறா?

சக்கரம்:

காத்து எவ்வளவு வெச்சிருக்கீங்க சார்? காத்து கம்மியா இருந்தா டயர் அமுங்கி விட்டம் குறையும், மீட்டர் தப்பாக் காட்டும். அகலமான டயர்னா இழுவையும் கூடும், மைலேஜ் குறையத்தான் செய்யும்.

மீட்டர்மேசை:

22 வருஷமா மீட்டர் பிரிச்சு மாட்டுறதுதான் என் வேலை, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். உங்க இன்ஜினும் நல்லா இருக்கு, மீட்டரும் நல்லா இருக்கு. மாறினது அளவுகோல்.

காருக்கு ஒரு மீட்டர் தூரம்னா என்னன்னே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது எண்ணுறது மட்டும்தான். சக்கரத்தோடு ஒரு பல்வளையம் சுத்தும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் பக்கத்துல இருக்கிற சென்சார் ஒரு துடிப்பு அனுப்பும். 48 பல் இருக்குன்னு வெச்சுக்குவோம். 185/65 ஆர்15 டயரோட விட்டம் கணக்குப்படி 621.5 மி.மீ., சுற்றளவு 1.95 மீட்டர் சொச்சம். அப்போ ஒரு துடிப்புக்குச் சுமார் 4 செ.மீ. இந்த 4 செ.மீ.யை கம்பெனியிலேயே எழுதி வெச்சு அனுப்பிடுறாங்க. நீங்க எந்த டயர் போட்டாலும் வண்டி அதைத்தான் நம்பும்.

இப்போ உங்க டயர். புது டயர்ல பட்டன் ஆழம் 8 மி.மீ. அளவுல இருக்கும், எல்லைக்கோடு 1.6. அவ்வளவும் தேஞ்சா விட்டத்துல 12.8 மி.மீ. போயிடும், அதாவது 2 சதவீதம். தேஞ்ச டயர் அதே தூரத்துக்கு அதிகமா சுத்தும், அதனால ஓடோமீட்டர், அதாவது ஓடின தூரத்தைக் காட்டுற மீட்டர், கூட்டிக் காட்டும். 195/65ஓட விட்டம் 634.5 மி.மீ., 185 புதுசைவிட 2 சதவீதம் பெருசு. இது குறைவா சுத்தும், ஓடோமீட்டர் குறைச்சுக் காட்டும். ரெண்டையும் சேர்த்தா 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. 17ஐ 1.042ஆல வகுத்துப் பாருங்க, 16.3. 94ஐ அதே 1.042ஆல பெருக்குங்க, 98. உங்க ரெண்டு சந்தேகத்துக்கும் காரணம் ஒண்ணுதான். நோட்டு எழுதி வெச்சீங்களே, அதுக்காகவே உங்களைப் பாராட்டணும்.

அப்போ பழைய டயர்ல 6 கி.மீ. வித்தியாசம் எப்படி வந்ததுன்னு கேப்பீங்க. தேய்மானம் 2 கொடுத்தது. மிச்சம் 4 வேணும்னே வெச்சது. வேகத்தைக் கூட்டிக் காட்டலாம், குறைச்சு மட்டும் காட்டவே கூடாதுன்னு ஐ.நா. வாகன விதி 39 சொல்லுது. கூடுதலுக்கும் வரம்பு உண்டு: உண்மை வேகத்துல பத்துல ஒரு பங்கும், அதுக்கு மேல 4 கி.மீ.யும். 100ல போறப்ப 114 வரைக்கும் காட்டினாலும் விதிக்குள்ளதான். இந்தக் கூடுதல் முள்ளுக்கு மட்டும்தான், ஓடோமீட்டருக்குக் கிடையாது. முள் 5 சதவீதம் தப்புன்னா தூரமும் 5 சதவீதம் தப்புன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. அது சரியில்ல.

சென்சாருக்குப் பதிலா கேபிள்ல ஓடுற பழைய மீட்டரைப் பிரிச்சா இது கண்ணுக்கே தெரியும். கேபிள் ஒரு காந்தத்தைச் சுத்தும், பக்கத்துல அலுமினியக் கிண்ணம், அதுல முள்ளும் ஒரு மெல்லிய சுருள் வில்லும். கிண்ணம் காந்தத்தைத் தொடாது, சுத்துற காந்தத்தால கிண்ணத்துல உண்டாகுற சுழல் மின்னோட்டம் அதை இழுக்கும், வில் தடுக்கும். ஓட்டோ ஷுல்ட்ஸே 1902ல காப்புரிமை வாங்கின ஏற்பாடு. வில் தளர்ந்தா முள் கூடுதலாக் காட்டும், காந்தம் வலு குறைஞ்சா குறைவாக் காட்டும். ஆனா அதே பெட்டிக்குள்ள ஓடோமீட்டர் வெறும் பல்சக்கரம். முள் எவ்வளவு பொய் சொன்னாலும் அது தன் கணக்கை விடாது.

சக்கரம் சொன்ன காத்து விஷயம்: ரேடியல் டயர்ல பட்டனுக்குக் கீழ எஃகு பெல்ட் இருக்கு, அது சுருங்காது. காத்து குறைஞ்சா பக்கவாட்டுதான் பிதுங்கும், ஒரு சுத்துக்குப் போற தூரம் ரொம்பக் கொஞ்சம்தான் மாறும். பெட்ரோல் கூடுதலா செலவாகும்ங்கிறது உண்மை, அதனால காத்தைப் பார்த்துக்குங்க. இழுவை பத்தி நீங்க சொன்னதும் நடக்கக்கூடியதுதான், ஆனா இங்க எண்கள் டயர் விட்டத்துலேயே முழுசா அடங்கிடுது.

சந்தேகம் இருந்தா கிலோமீட்டர் கல் பார்த்து ஓட்டிப் பாருங்க. 1 கி.மீ. போதாது, 20 வேணும்.

வழிப்போக்கன்:

அண்ணா, இன்னைக்குக் காலையிலதான் போய்ட்டு வந்தேன். 20 கி.மீ. கல்லுக்கு ட்ரிப் மீட்டர் 19.6 காட்டிச்சு. அப்போ உண்மையான மைலேஜ் 16.6ங்களா?

மீட்டர்மேசை:

அதேதான். பழைய 17லயும் அந்த 2 சதவீதத்தைக் கழிங்க, அதுவும் 16.6 கிட்டத்தான் வரும். வண்டி அப்பவும் இப்பவும் ஒரே அளவுதான் குடிக்குது. டேஷ்போர்டுல வர்ற மைலேஜும் இதே துடிப்பைத்தான் தூரமா எடுத்துக்குது. பெட்ரோலை அது அளக்கிறதில்ல, இன்ஜினுக்குள்ள பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வெச்சுக் கணக்குப் போடுது. அதனால நோட்டை விட்டுடாதீங்க, கிலோமீட்டரை மட்டும் 1.02ஆல பெருக்கிக்குங்க. நிரப்புறப்ப பம்ப் தானா நின்னதும் நிறுத்திடுங்க. ஒரு லிட்டர் முன்னப்பின்ன ஆனா 25 லிட்டர்ல 4 சதவீதம் போயிடும்.

இதைவிடப் பெரிய அளவு டயருக்குப் போகாதீங்க. முள்ளுக்கும் உண்மைக்கும் நடுவுல இப்பவே 2 கி.மீ.தான் மிச்சம் இருக்கு.

சக்கரம்:

நான் தப்பா நினைச்சிருக்கேன், நன்றி அண்ணா. இவரோட ஸ்டெப்னி இன்னும் 185தானே, அதை மாட்டலாமா?

மீட்டர்மேசை:

நல்ல கேள்வி. அவசரத்துக்கு மாட்டலாம், பஞ்சர் போடுற வரைக்கும் மெதுவா. இன்ஜின் சுத்துற அச்சுல மாட்டி நெடுந்தூரம் போகாதீங்க. ஒரு பக்கம் 2 சதவீதம் கூடுதலா சுத்துறதால ரெண்டு பக்கச் சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் நேர் ரோட்டிலும் ஓயாம வேலை செய்யும். பிரேக் போடுறப்ப சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற ஏ.பி.எஸ்.ஸும் நாலு சக்கரத்தையும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்குது.