புதுப்பிப்பு: எம்.எஸ்சி. நுண்ணுயிரியலுக்குப் பின் மருத்துவமனை ஆய்வகம்

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்த பின் மருந்து நிறுவனத் தரக்கட்டுப்பாட்டுக்குச் செல்வதா, மருத்துவமனை ஆய்வகத்துக்குச் செல்வதா என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டேன். சம்பளம் குறைவுதான். வேலையோ நினைத்ததைவிடக் கூடுதல் கவனத்தைக் கேட்கிறது: சிறுநீர் மாதிரியைக் குறிப்பிட்ட அளவு மட்டும் எடுக்கும் கம்பி வளையத்தால் வளர்ப்புத் தட்டில் இழுத்து, 37 டிகிரியில் ஓர் இரவு வைத்து, மெக்காங்கி அகார் என்னும் வளர்ப்பு ஊடகத்தில் இளஞ்சிவப்பாக எழும் ஈ.கோலை பாக்டீரியாவின் காலனிகளை (கூட்டங்களை) உறுதிசெய்து, பின்னர் முல்லர்-ஹின்டன் என்னும் வேறோர் ஊடகத் தட்டில் மருந்து வில்லைகளைச் சுற்றிய வளர்ச்சியற்ற வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்தால்தான் எந்த ஆன்டிபயாட்டிக் பலிக்கும் என்று மருத்துவருக்குச் சொல்ல முடியும். அறிக்கையில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் எம்.டி. (மருத்துவ மேற்படிப்பு) படித்த மருத்துவரே என்பதை இத்துறைக்கு வர விரும்புவோர் முன்கூட்டியே மனத்தில் கொள்வது நல்லது.

பொதுச் சுகாதாரம் குறித்துக் கேட்டவர்களுக்கு: 1899இல் தொடங்கிய கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம், 1956இல் தொடங்கிய சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றின் வேலை அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை வெளிக்கொணர்ந்த சுனிதி சாலமனும் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியலாளராக இருந்தவர்தான். இந்நிறுவனங்களின் திட்டப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை. ஆயினும் காசநோய் ஆய்வக அனுபவத்துக்கு மதிப்பு அதிகம் என்பதால் அடுத்து நானும் அந்தக் காசநோய் நிறுவனத்தில்தான் விண்ணப்பிக்க இருக்கிறேன்.