கோலகெட்டில் (கெடா, மலேசியா) குடும்பக் குழு: பால்மரம் (ரப்பர் மரம்) இலை உதிர்க்கும் நாள்களின் வானிலை

அண்ணி: பெரிய மாமா, வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காது குத்துகிறோம். வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டால் போதுமா, அல்லது மழைக்குப் பயந்து மண்டபம் எடுக்க வேண்டுமா? மண்டபத்துக்கு நாளைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

பெரியப்பா: மண்டபம் வேண்டாம் அம்மா, முற்றத்திலேயே நடத்துங்கள். வானிலை ஆய்வுத் துறையின் ஏழு நாள் முன்னறிவிப்பில் நம் பகுதிக்குக் காலை, மாலை, இரவு மூன்றிலும் மழை இல்லை என்றே போட்டிருக்கிறார்கள். பிப்ரவரி மாதத்துக்கு இது இயல்பானதுதான். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று தன் மழையைக் கிழக்குக் கரையில் கிளந்தானிலும் திரங்கானுவிலும் கொட்டிவிட்டு, தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது வறண்டுதான் வருகிறது. கெடாவுக்கும் பெர்லிசுக்கும் ஆண்டிலேயே மழை மிகக் குறைந்த காலம் ஜனவரியும் பிப்ரவரியும்தான்.

அண்ணி: மிக்க நன்றி மாமா. காலையில் விழும் பனி குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் இப்போதைய கவலை. இன்று எட்டு மணி வரை எதிர்வீடுகூடத் தெரியவில்லை.

பெரியப்பா: இரவில் மேகம் இல்லாததால் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது, காற்றும் அசையாததால் ஆற்றோரப் பள்ளத்தில் குளிர் தேங்கிப் பனியாகிறது. வெயில் ஏறியதும் கலைந்துவிடும். ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். சுற்றியுள்ள பால்மரங்கள் மொட்டையாக நிற்பதால் அதற்கு மேல் முற்றத்தில் நிழலே இருக்காது.

அப்பா: அண்ணே, நம் ஐந்து ஏக்கரிலும் முக்கால்வாசி இலை கொட்டிவிட்டது. மழையால் பால்வெட்டு நிற்காத நாள்கள் இவை. பால் குறைவாக இருந்தாலும் கோப்பையில் உறையும் கட்டிப்பாலாவது தேறும் என்று வெட்டுகிற தம்பி சொல்கிறார். தொடர்ந்து வெட்டச் சொல்லலாமா?

பெரியப்பா: வேண்டாம் தம்பி, இதில் மட்டும் என் பேச்சைக் கேள். இலை கொட்டும்போது பால் மெல்லக் குறையும். தளிர் விடும்போதுதான் அடியோடு குறையும், ஏனென்றால் பட்டையிலும் தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தை மரம் அப்போது புது இலைக்குச் செலவிடுகிறது. அந்த நேரத்தில் விடாமல் கத்தி வைத்தால் சில மரங்களுக்குப் பட்டை காய்ந்து, பிறகு எவ்வளவு வெட்டினாலும் வெட்டுக்கோட்டில் பால் வராமல் போய்விடும். சில கிலோ கட்டிப்பாலுக்காக, பல ஆண்டுகள் பால் தரவேண்டிய மரத்தைக் கெடுக்கக் கூடாது. செம்பழுப்பாக வரும் தளிர் பச்சையாகி, முற்றி, நிமிர்ந்து நிற்கும் வரை விட்டுவிடு.

இந்த வறட்சி நமக்கு நன்மைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்படி மழையே இல்லாமல் காய்ந்தால் எல்லா மரமும் ஒரே சமயத்தில் இலையைக் கொட்டி, ஒரே சமயத்தில் துளிர்க்கும். இடையிடையே தூறல் விழும் ஆண்டுகளில் ஒரு மரம் துளிர்க்க, பக்கத்து மரம் அப்போதுதான் உதிர்க்கும். ஈரமும் பனியும் சேர்ந்து சாம்பல் நோய் என்னும் பூஞ்சை பிஞ்சு இலையில் பிடித்தால், விட்ட தளிரும் சுருண்டு விழுந்து, மரம் மறுபடியும் துளிர்க்க வேண்டிவரும். அதனால்தான் இந்த முன்னறிவிப்பைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி.

அத்தை: அண்ணா, என் வீட்டுக்குப் பின்னால் சருகு கணுக்கால் புதையும் அளவுக்குக் கிடக்கிறது. விழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்கு முன் கூட்டிக் கொளுத்திவிடட்டுமா?

பெரியப்பா: தயவுசெய்து கொளுத்தாதே அம்மா. காய்ந்த சருகில் தீ எவ்வளவு விரைவாக ஓடும் என்பது உனக்கே தெரியும். அடிமரத்தில் பட்டை வெந்துவிட்டால் அந்த மரம் போனதுதான். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும் ஆகும். சருகை மரத்தடியிலேயே மக்க விடு, மண்ணின் ஈரத்தைக் காக்கும்.

சுங்கைப்பட்டாணி அண்ணன்: அத்தை, நானும் கேட்டுக்கொள்கிறேன். காற்று அசையாத நாள்களில் புகை மேலே போகாமல் தாழ்வாகவே படிந்துவிடுகிறது. இங்கே இரண்டு நாளாக ஜெராய் மலை மங்கலாகத்தான் தெரிகிறது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினாலே ஆரோக்கியமற்ற நிலை. என் மகனுக்கு அதற்கு முன்பே இழுப்பு வந்துவிடும்.

அத்தை: சரி தம்பி, கொளுத்தவில்லை. குழந்தையின் மூச்சைவிட எனக்கு முற்றம் பெரிதல்ல.

சுங்கைப்பட்டாணி அண்ணன்: பெரியப்பா, வெயில் இன்னும் கூடுமா? வெப்ப எச்சரிக்கை வருமா?

பெரியப்பா: பகலில் 35 பாகை செல்சியசுக்குக் குறையாமல் மூன்று நாள் தொடர்ந்தால் முதல் நிலை எச்சரிக்கை விடுவார்கள், 37ஐத் தாண்டித் தொடர்ந்தால் அது வெப்ப அலை. இப்போது முதல் நிலைக்குச் சற்றுக் கீழே இருக்கிறோம், மார்ச்சில் எட்டக்கூடும். பெர்லிசின் சூப்பிங்கில் 40.1 பாகை பதிவானது 1998 ஏப்ரலில், அது பசிபிக் கடல் சூடேறி நம் பக்கம் வறட்சி தரும் எல் நினோ ஆண்டு. மீண்டும் ஓர் எல் நினோ வந்த 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகளையே மூடினார்கள். ஆகவே பிள்ளைகளைப் பகல் பன்னிரண்டுக்கு மேல் திடலில் விடாதீர்கள். மூடா ஆற்றில் நீர் இறங்கினால் குழாயில் அழுத்தம் குறையும். விழா வீட்டில் சனிக்கிழமையே இரண்டு பீப்பாய் நிரப்பி வைத்துவிடுங்கள்.

அப்பா: அண்ணே, மழை எப்போது திரும்பும் என்று நினைக்கிறீர்கள்? வெட்டு ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: மார்ச் கடைசியில் பருவக்காற்று ஓய்ந்து, ஏப்ரலில் பிற்பகல் இடிமழை தொடங்கும். தளிரும் அதற்குள் முற்றிவிடும். சித்திரைப் பிறப்புக்குப் பிறகு கத்தி எடுக்கலாம் என்று சொல். அதுவரை அவருக்கு வருமானம் இல்லாமல் போகக் கூடாது. எல்லையோரம் சருகை அகற்றித் தீத்தடுப்புப் பாதை போடும் வேலையை அவருக்கே கொடு. கூலியில் பாதியை நான் தருகிறேன்.

அப்பா: நல்லது அண்ணே. நாளைக் காலை பனி கலைந்ததும் கீழ் எல்லையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். நானும் அவருடன் போகிறேன்.